வளைந்த தெரு யார் வளைத்தது?

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் தம்பியும் கேட்பதில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

தம்பி அனுப்பிய சம்மதப் பத்திரம் உன் கைக்கு வந்திருக்கும். அம்மா போனபின் வீடு நம் மூவர் பெயரிலும் இருக்கிறது. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். தெருவின் நாற்பது வீடுகளில் முப்பத்தொன்பது ஒப்புக்கொண்டாயிற்று. எல்லாவற்றையும் இடித்து ஒன்பது மாடி கட்டுவார்களாம். இதெல்லாம் என்னால் வந்தது என்று அவன் எழுதியிருப்பான். என் பக்கத்தையும் கேள்.

பழைய கட்டடங்களைக் காக்கும் குழு நம் தெருவைப் பட்டியலில் சேர்க்க இருந்தது உனக்குத் தெரியும். சேர்த்திருந்தால் யாரும் ஒரு செங்கல்லைத் தொட முடியாது. அவர்கள் எழுதிய குறிப்பைத் தெருக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். ஊர் நெரிசல் தாங்காமல் ரயில் பாதையை ஒட்டி எழுந்த முதல் குடியிருப்பு இது, ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள், ஒன்றின் மாடிப்படி இடப்பக்கம் என்றால் அடுத்ததில் வலப்பக்கம், கதவுக்கு மேல் வண்ணக் கண்ணாடி. எல்லாம் சரி. ஆனால் தெருவின் வளைவை ஒரு பெரிய கட்டடக் கலைஞர் கண்ணுக்கு இதமாக வரைந்தார் என்றும், பாதுகாக்க அதுவே முதல் காரணம் என்றும் எழுதியிருந்தார்கள்.

அது பொய். முப்பத்து நாலு வருடம் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்த்து, இந்தத் தெருவுக்கடியிலும் குழாய் பதித்தவன் நான். நடுத் தெருவில் ஐந்தடி தோண்டினால் ஒரு செங்கல் வாய்க்கால் வரும், வீடுகளுக்கும் மூத்தது. அலுவலகத்தில் இருந்த பழைய வரைபடத்தில் தெரு நேர்கோடுதான். அதன்மேல் ஒரு சர்வேயர் சிவப்பு மையால் வளைத்து, வாய்க்காலை உடைக்க வேண்டாம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். பதினோரு பக்கத்தில் இதை எழுதி, படமும் வரைந்து குழுவுக்கு அனுப்பினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதியது. ஓர் எழுத்துப் பிழை இல்லை.

நன்றி சொல்லிப் பதில் வந்தது. என் ஆதாரங்களை ஏற்கிறார்களாம். கலைஞரின் கைவண்ணம் இல்லாததால் தெருவைப் பட்டியலில் சேர்க்கப் போவதில்லையாம்.

தண்ணீருக்கு வழிவிட்டு ஒருவர் வளைத்த தெரு, அழகுக்காக வளைத்த தெருவைவிட எதில் குறைந்தது? இதைக் கேட்டு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை.

“உங்களை யாராவது கேட்டாங்களாப்பா?” என்றான் தம்பி. நம் இரட்டை வீட்டின் அடுத்த பாதியில் இருக்கும் டீச்சர் வாசலில் நின்று, “அண்ணே, அந்த உண்மையை வெச்சு என்ன பண்றது? ஒழுகுற கூரைல போட்டு மூடவா?” என்றாள். நாற்பது வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருமியவள். நான் இருமினால் சுவரைத் தட்டி மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பாள். மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டாள். இப்போது தட்டுவதில்லை.

நாம் மறுத்தால் வீடு நிற்கும் என்று நினைக்காதே. கட்டுகிற கம்பெனி இன்ஜினீயர் வந்து நடுச்சுவரை அளந்தார். “நாலரை இஞ்ச்தான் சார். அந்தப் பக்கம் இடிச்சா இது தானா உக்காந்துடும்” என்றார். சின்னப் பையன், மரியாதையாகத்தான் சொன்னான். அவன் கணக்கில் தவறு தேடி இரண்டு நாள் உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை.

தம்பி தன் வீட்டில் எனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறான். ஜன்னல் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. குறை சொல்லவில்லை, இருப்பதைச் சொல்கிறேன்.

ஆகவே நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு. நானும் போடுகிறேன். குழந்தைகள் உடம்பு நோயில்லாமல், நீங்கள் எல்லோரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும்.

பத்திரத்தோடு ஒரு சின்னக் காகிதமும் வை. அப்பா செய்தது சரிதான் என்று ஒரு வரி எழுது. உனக்கு அப்படித் தோன்றாவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
அப்பா