நான் எழுதிப்போட்ட கார்டு

ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்திருக்கிறது. தபால்காரர் வழக்கம்போல் முழுதும் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார். “இந்த வருசமும் கூப்ட்டுக்கிறாங்கமா, செவ்வாக்கெயம போவணுமாம்” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். போகிறேன் என்று நானும் உரக்கவே சொன்னேன். இப்போது எனக்கு அதில் வெட்கம் இல்லை. வெட்கப்பட்டு நீயும் நானும் இழந்தது போதும்.

உன்னை முதலில் பார்த்தபோது நமக்கு ஒன்பது வயது. சென்னையில் ஒரே வார்டு, பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்கு வயிற்றில் கட்டி; ஒரு சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். உனக்குக் கழுத்தில் நெறி கட்டியது போல் வந்த புற்றுநோய், கதிர்வீச்சு கொடுத்தார்கள்; நமக்கு அது கரண்ட் வைப்பது. நான் ஸ்ரீபெரும்புதூர், நீ பென்னலூர் என்றதும் நம் அம்மாக்கள் சொந்தக்காரர்கள் போல் ஆகிவிட்டார்கள். மொட்டைத் தலையோடு வார்டைச் சுற்றிவந்து, யார் இட்லி வேண்டாம் என்றாலும் நீதான் வாங்கித் தின்றாய்.

பிழைத்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு அம்மாக்களையும் உட்காரவைத்துச் சொன்னார். நோய் போய்விட்டது, ஆனால் கொடுத்த மருந்தும் கரண்டும் உடம்பில் என்ன செய்திருக்கின்றன என்பது பல வருடம் கழித்துத்தான் தெரியும், நன்றாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும். நன்றாக இருக்கிறவள் எதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்பது ஊருக்குக் கடைசிவரை புரியவில்லை. நாம் போனோம். எடை, ரத்தம், என் வயிற்றை அழுத்திப் பார்ப்பது, உன் கழுத்தைத் தடவிப் பார்ப்பது. அடுத்த வருடம் வரை சாவு கிடையாது என்று சொல்லி, திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை நீ பிடுங்கிக்கொள்வாய்.

பதினெட்டு வயதில் உனக்கு வரன் வந்தது. அதே வாரம் கார்டும் வந்தது. தபால்காரர் வழியாக மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் எட்டிவிடும் என்று உன் அப்பா நடுங்கினார். இனி கார்டே வராமல் இருக்க வழி சொன்னது நீதான்.

“நான் செத்துட்டேன்னு எழுதிப் போட்டுடுடி. செத்தவளுக்கு எவன் கார்டு போடுவான்?”

சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் வீட்டில் எழுதத் தெரிந்தவர் இல்லை, நான் எழுதினேன். மேற்படி பெண் காய்ச்சலில் காலமாகிவிட்டாள், இனிக் கடிதம் வேண்டாம். உன் அப்பா கைநாட்டு வைத்தார்.

அடுத்த வருடம் தனியாகப் போனேன். டாக்டரம்மா உன்னைப் பற்றிக் கேட்டு வருத்தப்பட்டார். நான் தலையைக் குனிந்து நின்றேன். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

நான்காம் வருடம் தேர் அன்று உன்னைப் பார்த்தேன். அந்த வெயிலிலும் கழுத்தைச் சுற்றி முந்தானை. விலக்கினேன். கரண்ட் வைத்த அதே இடத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி.

“ரெண்டு வருசமா கீது. டாக்டராண்ட போனா பழசெல்லாம் கேப்பாருல்ல” என்றாய்.

மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். உன் கோப்பு அங்கே இல்லை. இறந்தவர்களின் கோப்புகளோடு மூட்டை கட்டிக் கிடங்குக்குப் போய், எங்கோ தொலைந்திருந்தது. முன்பு எவ்வளவு கரண்ட் வைத்தார்கள் என்று தெரியாமல் மறுபடி வைக்கப் பயந்தார்கள். வருடாவருடம் வந்திருந்தால் பட்டாணி அளவிலேயே அகப்பட்டிருக்கும் என்றார் டாக்டரம்மா. எட்டு மாதத்தில் நீ போய்விட்டாய்.

உன் புருஷன் வார்டு வாசலில் என்னிடம் கேட்டது உனக்குத் தெரியாது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வருசாவருசம் இட்டுக்கினு வந்திருப்பேனே?” என்றார். அந்த மனுஷனை நாம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எல்லா ஆண்களும் அவரைப் போல் என்று சொல்ல மாட்டேன். பலர் வந்த வழியே ஓடியிருப்பார்கள். ஓடட்டுமே. அவர்களுக்குப் பயந்து உயிரோடு இருப்பவளைக் கொன்று தபாலில் போட்டோம்.

உன் காரியம் முடிந்ததும் டாக்டரம்மாவிடம் போய், அந்தக் கார்டை எழுதியது நான்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ மற்ற வீடுகளிலிருந்து வந்திருந்த பதில் கார்டுகளையெல்லாம் மேசையில் கொட்டி, இதுபோல் வேறு எத்தனை இருக்கும் என்று கேட்டார். பிரித்து அடுக்கினோம். பையன்கள் வீட்டிலிருந்து வந்தவற்றில் வேலைக்குப் போகிறான், லீவு கிடைக்கவில்லை என்று இருந்தது. குணமாகி வீட்டுக்குப் போன பெண்களோ பதினேழு, பதினெட்டு வயதில் வரிசையாகச் செத்திருந்தார்கள். காய்ச்சல், காய்ச்சல், வாந்திபேதி. கல்யாண வயதில் பெண்களுக்கு மட்டும் வருகிற காய்ச்சல்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விலாசங்களைத் தேடிப் போகிறேன். கம்பெனியில் ஓவர்டைம் வேலைக்குக் கூப்பிட்டாலும் மாட்டேன் என்கிறேன். சில சாவுகள் உண்மையானவை. அந்த வீடுகளில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். வாலாஜாபாத்தில் ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். மாமியார் உள்ளே இருப்பதைக் கண்ணால் காட்டினாள். குரலைத் தாழ்த்தி உன் கதையைச் சொன்னேன், உன் புருஷன் கேட்டதையும் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வரும்படி நான் சொல்லியிருந்த செவ்வாய்க்கிழமை காலையில், பஸ் நிறுத்தத்தில் புருஷனின் சைக்கிளிலிருந்து இறங்கினாள்.

ஆஸ்பத்திரிக் குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டி, இந்தப் பெயரில் இருந்த பெண் இறந்துவிட்டாளே என்றார். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு மேசைமேல் கையை ஊன்றினாள்.

“அது எங்கப்பா சொன்னது சார். இப்ப நான் சொல்றேன், உசுரோடதான் கீறேன். அத்த அடிச்சிட்டு எழுதிக்குங்க.”

அவர் அடித்துவிட்டு எழுதினார்.

உன் பெயருக்கு நேரே காலமாகிவிட்டாள் என்று இருப்பதை இனி யாரும் அடிக்க முடியாது. அது நான் எழுதிப்போட்ட வாசகம். நான் போகிற இடமெல்லாம் கூடவே வருகிறது. இன்னும் சில விலாசங்கள் மீதி இருக்கின்றன. வரும் ஞாயிறு அடுத்த கதவைத் தட்டுவேன். திறக்காவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும் தட்டுவேன்.