செவலையின் மாத்திரை

கார்த்திகை, செவ்வாய் இரவு

மாத்திரை கொடுத்தும் கிழட்டுப் பூனை செவலைக்கு ஒரு மாதமாக வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. மதினி மசித்துக் கொடுக்கும் பரங்கிக்காய்தான் காரணம் என்று தினமும் சண்டை போட்டேன். இன்று இருவருமாகச் செவலையைக் கூடையில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம்.

"பரங்கிக்காய் நல்லதும்மா. மாத்திரையோட அதையும் குடுங்க" என்றார் மாட்டு டாக்டர். "மாத்திரைய எதுல வச்சுக் குடுக்கீங்க?"

"பால்கோவாவுல" என்றேன்.

"பாலே ஆகாதேம்மா இதுக்கு."

இராஜபாளையம் வரும்வரை பஸ்ஸில் மதினி சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். வீட்டில் பரங்கிக்காயை வேகவைத்து என் முன்னால் வைத்தார். "நீயே குடு. உன் கையாலதான் திங்கும்."

மாத்திரையைப் பொடித்துப் பிசைந்து நீட்டினேன். செவலை முகர்ந்துவிட்டு ஃபிரிட்ஜ் முன்னால் போய் உட்கார்ந்தது. இன்னமும் அங்கேதான் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது.