வலக்கைக் கோணமானி

காலை 06:10
ஓடம் நொச்சி. ஓட்டி ஜெசிந்தா, தனியாள். வியாழனின் நிலவான கானிமீடின் தரையிலிருந்து பாறை மாதிரிகளோடு தாய்க்கப்பல் வைகைக்குத் திரும்புகிறேன். எல்லாம் சீர். காபி மட்டும் வழக்கம்போல வாயில் வைக்க முடியவில்லை.

07:55
கதிர்வீச்சில் வழிகாட்டும் கணினி செத்துவிட்டது. மாற்றுப் பலகை எடுக்க ஓடினேன். சரக்கறைக் கதவு தானாக மூடி என் வலக்கையை நசுக்கிவிட்டது. கையை உருவிக்கொண்டேன், கதவு மறுபடி திறக்கவில்லை, பலகை உள்ளேயே மாட்டிக்கொண்டது. இனி கோணமானியில் நட்சத்திரத்தைப் பார்த்து, பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறேன் என்று நானே அளக்க வேண்டும். எரிபொருள் ஒரே ஒரு திருத்தத்துக்குத்தான். தவறினால் வைகையை இனி பிடிக்க முடியாது, அதுவும் எனக்காகத் திரும்பி வர முடியாது.

08:30
நான் பிறவி இடக்கைக்காரி. மிஞ்சியிருப்பதும் நல்ல கைதான். ஆனால் கோணமானி வலக்கைக்குச் செய்தது. இடக்கையால் பிடித்தால் என் மணிக்கட்டே லென்ஸை மறைக்கிறது. இடக்கைக்கு ஒன்று வேண்டுமென்று முன்பே தலைமையகத்தில் கேட்டேன். "வலக்கையும் இருக்கிறதே, பழகிக்கொள்ளவும்" என்று பதில் எழுதினார்கள். எழுதிய மகராசன் நன்றாயிருக்கட்டும்.

09:05
ரேடியோவில் நிலைமையைச் சொன்னேன். வைகையிலிருந்து பேசியது அருள்தாஸ். என்னோடு பயிற்சி முடித்தவன்.
"எக்கா, அழாதீய. அந்தக் கருவியத் தலகீழாப் புடிச்சிப் பாருங்க. கைப்பிடி எடக்கைக்கு வந்துரும்லா?"
"வந்துட்டுடே! நீ நல்லா இருப்ப."
நட்சத்திரம் லென்ஸுக்குள் நிற்கிறது. விலகல் கூட்டல் நான்கு பாகை. கூட்டல் என்றால் வலப்பக்கம், கழித்தல் என்றால் இடப்பக்கம். ஆகவே இடப்பக்கமாக ஓடத்தைத் தள்ளினேன். எரிபொருள் தீர்ந்தது. பிழைத்தேன்.

10:20
சரிபார்க்க மறுபடி அளந்தேன். கூட்டல் எட்டு.
குறைந்திருக்க வேண்டும், இரட்டிப்பாகியிருக்கிறது. கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் அது காட்டும் பக்கமும் மாறிவிடும். ஏற்கெனவே இடப்பக்கம் விலகியிருந்த ஓடத்தை நானே இன்னும் இடப்பக்கம் தள்ளிவிட்டேன். பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தது. வலியில் எனக்கு உறைக்கவில்லை. பதற்றத்தில் அவனுக்கும் தோன்றவில்லை.
சாகப் பயமாக இருக்கிறது. அம்மா.

நேரம் பார்க்கவில்லை
"எக்கா, எங்க இருக்கீய? ஒங்க வெளக்கே தெரியலையே! அளவு சரியாத்தான எடுத்தீய?"
"சரியாத்தான்டே எடுத்தேன். எஞ்சின்தான் கோளாறாயிட்டு. நீ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல."
இதைக் கண்டெடுப்பவர்களே, இடக்கைக்கும் ஒரு கருவி செய்யச் சொல்லுங்கள். ஆனால் அருள்தாஸ் கேட்டால் எஞ்சின் என்றே சொல்லுங்கள். இந்தப் பதிவை அவனுக்குக் காட்டிவிடாதீர்கள்.
இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். இன்னொரு முறை பேசினால் உண்மையைச் சொல்லி அழுதுவிடுவேன். ரேடியோவை அணைத்துவிட்டேன்.