கேட்டு வாங்கிய பட்டம்

அன்பு மச்சான் இஸ்மாயில்,

அஸ்ஸலாமு அலைக்கும். கபரில் அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லச் சொல்லியிருக்கிறது நம் மார்க்கம். அந்தத் தைரியத்தில்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. மேலப்பாளையத்தில் இந்த ரமலானிலும் வெயில் ஆளைக் கொல்கிறது. ஆற்றில் கணுக்காலளவுதான் தண்ணீர். நம் தெருப் பள்ளிவாசலுக்குப் புது மோதினார் வந்துவிட்டார், தென்காசிப் பக்கத்து ஆள். பாங்கு நன்றாகத்தான் சொல்கிறார். ஆனால் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு நீ தொண்டையைச் செருமுவாயே, அது இல்லாமல் பாங்கு தொடங்குவது எனக்கு இன்னும் பழகவில்லை. உன் மனைவி பாத்திமா சுகம். உன் மகன் பாளையங்கோட்டையில் வேலைக்குப் போகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ உயிரோடு இருந்தவரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர, கிட்டே போகவில்லை.

நான் ஹஜ் முடித்து மக்காவிலிருந்து திரும்பிய வருடம் அது. வழக்கம்போல ஒரு நாள் நோன்புக் கஞ்சி என் பொறுப்பு. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து, தூக்குச்சட்டிகளோடு தெருவே வரிசையில் நிற்கிறது. இன்றைய கஞ்சி இன்னாருடையது, அவருக்காக துஆச் செய்யுங்கள் என்று மைக்கில் சொல்வது உன் வழக்கம். நீ என் பெயரைச் சொன்னாய், வெறும் பெயரை. முந்தைய நாள் கஞ்சி கொடுத்தவர் பெயருக்கு முன்னால் ‘அல்ஹாஜ்’ போட்டவன், எனக்குப் போடவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய பெயர் நாக்கில் அப்படியே வந்துவிட்டது, வேறொன்றுமில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

தெரிந்துமே கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன்.

“மைக்கப் புடிச்சா மட்டும் போதுமாலே? ஹஜ்ஜு செஞ்சவன் பேர எப்படிச் சொல்லணும்னு தெரியாதா? ஒன் வேலைய ஒழுங்காப் பாரு.”

‘உன் வேலை’ என்றேன் பார், என் மனசில் இருந்தது அத்தனையும் அதில் வந்துவிட்டது. நான் ஜவுளிக்கடை முதலாளி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவன். நீ சம்பளத்துக்குப் பாங்கு சொல்கிறவன். என் மாமன் மகன், என் கூட்டாளி என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்று?

நீ மைக்கை மறுபடி எடுத்து, ‘அல்ஹாஜ்’ சேர்த்து நிதானமாகச் சொன்னாய். தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு மனசு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் உன்னைப் பார்த்தபோது வழக்கம்போல “ஏலே” என்பாய் என்றுதான் இருந்தேன். “வாங்க ஹாஜியார், இங்கன உக்காருங்க” என்றாய். குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். நீயோ உண்மையான மரியாதையோடு சொன்னாய். அன்றிலிருந்து நான்கு வருடம், கடைசி வரைக்கும், நான் உனக்கு ஹாஜியார்தான். என்னை ‘ஏலே’ என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆளின் வாயை நானே அடைத்துவிட்டேன்.

மக்காவுக்குப் போய் நான் என்னதான் படித்துவிட்டு வந்தேன்? தைக்காத இரண்டு துணியில் எல்லாரும் ஒன்றுபோல நின்றோம். எது உசத்தித் துணி, எது மட்டம் என்று என்னைப் போன்ற ஜவுளிக்காரனுக்கே அங்கே தெரியவில்லை. இப்லீஸ் என்ற ஷைத்தான் கெட்டது, முதல் மனிதரைப் பார்த்து ‘நான் அவரைவிட மேல்’ என்ற ஒரே பேச்சில்தான் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் எத்தனை முறை கேட்டிருப்போம். கேட்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் இருப்பவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் உன் ஜனாஸாவைப் பள்ளியில் வைத்துத் தொழுகைக்கு நின்றோம். உன் மகன் முன்னால் வந்தான். “எங்க வாப்பா யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கிடுங்க” என்றான். “பொருந்திக்கிட்டோம்” என்றது கூட்டம். முதல் வரிசையில் நின்ற என் வாயும் அசைந்தது. யார் யாரைப் பொருந்திக்கொள்வது, மச்சான்? மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அதைத் தர வேண்டிய நீ வெள்ளைத் துணிக்குள் கிடந்தாய். எனக்கு அழுகைகூட வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

போன வாரம் பாத்திமாவைப் பார்க்கப் போனேன். “அன்னைக்கு நான் பேசுனத நீயாச்சும் பொருந்திக்கோ, தங்கச்சி” என்றேன்.

“அதுக்கு நான் யாருண்ணே? அவியளப் பேசுனத அவியதான பொருந்தணும்” என்றாள். பிறகு, “ஒங்க மேல கோவம்னு ஒரு நாளும் சொன்னதில்ல. என் மச்சானுக்கு ஹஜ்ஜு கெடச்சுட்டு, எனக்கு எப்பவோன்னு மட்டும் சொல்லுவாவ” என்று சொல்லி, பீரோவைத் திறந்து உன் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. நான்கு வருடம் உன் முன்னால் ஹாஜி என்று நடமாடினேனே, உனக்கும் போக ஆசை உண்டா என்று ஒரு நாளாவது கேட்டேனா? அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

அப்புறம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், இறந்தவருக்குப் பதிலாக நான் போய் ஹஜ் செய்யலாமா என்று கேட்டேன். “ஒங்க ஹஜ்ஜ முடிச்சிட்டீங்க, அதனால தாராளமாச் செய்யலாம்” என்றார். “ஆனா அதவச்சு அவரு ஒங்களப் பொருந்திக்கிட்டாருன்னு நெனச்சுக்கிடாதீங்க. அது வேற, இது வேற.”

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பி ஊரே படிக்க வைப்பதும் ஒரு பெருமைதானே என்று நீ கேட்கலாம். கத்தியது ஊர் கேட்க, மன்னிப்பு மட்டும் ரகசியமாகவா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அடுத்த ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், மச்சான். அந்தத் தைக்காத துணியில் இஹ்ராம் கட்டி நிய்யத் வைக்கும்போது என் பெயர் வராது, ‘இஸ்மாயிலுக்காக வந்தேன், யா அல்லாஹ்’ என்றுதான் சொல்வேன். கஅபா கண்ணில் பட்டதும், நீ என்னைப் பொருந்திக்கொள்ள வேண்டும் என்று அழுது கேட்பேன். நீ பொருந்தாமலே போனாலும் சரி, அந்த ஹஜ் உன்னுடையது.

உன் மாமி மகன்