ஷெட்டுக்குள் போகாத கார்

பிரேக்குக்காரிக்கு,

கோபப்படாதே, கார் வாங்கிவிட்டேன். பழசுதான், ஆனால் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே சீட். தெருவில் நிற்கிறது. எவனாவது கீறிவிடுவானோ என்று ஒவ்வொரு வரிக்கும் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

மூன்று லிட்டர் இன்ஜினில் ஒன்று, இரண்டு லிட்டரில் ஒன்று இருந்தன. "பெருசை எடுங்க சார், மிதிச்சா பறக்கும்" என்றான் விற்றவன். எனக்கும் கை பரபரத்தது. ஆனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத பிரேக்கை மிதிக்கும் உன் கால் ஞாபகம் வந்தது. சின்னதையே எடுத்தேன். சிரிக்காதே.

இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண் போனில் ஆயிரம் கேள்வி கேட்டாள்.

"ராத்திரி வண்டி எங்க நிக்கும் சார்?"

"தெருவுல."

"வீட்டுல ஷெட் இல்லையா?"

"இருக்கு. சாமான் கெடக்கு."

"காலி பண்ணிட்டு உள்ள விட்டா பிரீமியம் நல்லா குறையுமே."

"அது என் வீட்டுக்காரி சாமான்மா."

"அவங்களையே எடுத்து வைக்கச் சொல்லுங்களேன்!"

கூடுதலாகவே கட்டிவிட்டேன்.

உன் தையல் மெஷினும் பெட்டிகளும் நீ அக்கா வீட்டுக்குப் போன அன்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக உன் அக்கா போன் செய்தாள். ஆள் யாரும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே அங்கே வருகிறேன், மெதுவாக ஓட்டிக்கொண்டு.

பெட்டி எதையும் கொண்டுவர மாட்டேன். இந்த வண்டியில் அதற்கெல்லாம் இடமில்லை. என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரத்தான் இடம் இருக்கிறது.

நீ வைத்த பேரிலேயே,
அவசரக்குடுக்கை