கேட்ட பிறகே தொடுவோம்

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டே தொடங்குகிறேன்.

உங்கள் பிசியோதெரபி கல்லூரிக்காக நீ எழுதிய நோக்கங்களையும் விழுமியங்களையும் படித்தேன். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான், ஒற்றுப்பிழைகளைச் சரிசெய்துவிட்டேன். ஆனால், "யாருப்பா இதையெல்லாம் படிக்கப்போறாங்க, சுவர்ல மாட்டத்தானே" என்று போனில் அலுத்துக்கொண்டாயே, அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மா பேசவில்லை என்பது உனக்குத் தெரியும். நாளாக ஆக, எதற்கும் தலையசைப்பதைக்கூட நிறுத்திவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. பரீட்சை நேரத்தில் உனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கடைசியில், இங்குள்ள கல்லூரியின் பயிற்சிக் கூடத்துக்கு அவளைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனேன். அங்கேயும் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி, 'கேட்ட பிறகே தொடுவோம்.' எல்லாக் கல்லூரியிலும் இருப்பதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். ஒல்லிக்குச்சி, ஊதினால் பறந்துவிடுவாள். அம்மாவின் கண்மட்டத்துக்குக் கீழே முட்டிபோட்டு உட்கார்ந்து, "உங்க கையைத் தொடலாமாம்மா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. பேச்சே இல்லாதவளிடம் என்ன கேள்வி?

அம்மாவின் உதடு கோணி, நடுங்கி, உள்ளிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்தது.

"வேணாம்."

நோய் வந்தபின் அவள் பேசிய முதல் சொல் அது. அந்தப் பெண்ணோ, "சரிம்மா" என்று தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பேராசிரியையும் வற்புறுத்தவில்லை. நேரம் முடியும்வரை மூவரும் ஜன்னலுக்கு வெளியே பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் அடிக்கடி திரும்பி அந்தப் பெண்ணின் கைகளையே பார்த்தாள். இத்தனை மாதமாக அவளைப் புரட்டினோம், துடைத்தோம், தூக்கினோம், எல்லாம் அன்பாகத்தான். அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு ஓர் ஆள் கட்டுப்பட்டது அன்றுதான்.

மறுநாள் அந்தப் பெண் கேட்பதற்கு முன்பே, அம்மா தன் இடது கையால், அசையாத வலது கையைத் தூக்கி, அவள் மடியில் வைத்தாள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார்.

சில வாரப் பயிற்சிக்குப் பின், நேற்று அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உடம்பெல்லாம் ஆடியது. அந்தப் பெண்ணின் உள்ளங்கைகள் அவள் இடுப்புக்கு அருகிலேயே, படாமல், விழுந்தால் தாங்குவதற்குத் தயாராக இருந்தன. குழந்தையாக நீ முதன்முதலில் எழுந்து நின்றபோதுகூட நான் இப்படிக் கண்கொட்டாமல் பார்த்ததில்லை. ஒரு வரியை ஓர் ஆள் உண்மையென்று எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டேன்.

உன் வரிகளில் நான் எதையும் வெட்டவில்லை. நீயே இன்னொரு முறை படித்துப் பார்.

இப்போது அம்மா எல்லாவற்றுக்கும் 'வேணாம்' என்கிறாள். நான் போடும் காபிக்கு இரண்டு முறை சொல்கிறாள். உன் போட்டோவைக் காட்டியபோது மட்டும் சொல்லவில்லை; வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலையெல்லாம் முடித்துக்கொண்டே வா, மகளே. அவசரம் என்று நான் எழுதவில்லை. அவசரமில்லை என்றும் எழுத மனம் வரவில்லை. உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

என்றும் உன்
அப்பா