லேப் கதவில் ஒட்டிய தாள்

29.9.1998, செவ்வாய்

நாளை சரஸ்வதி பூசை, லீவு. அதனால் லேபில் இன்றே பூசை போட்டாகிவிட்டது. சர்வரும் பத்து சிஸ்டமும் திறந்து தூசி தட்டி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். சர்வருக்கு மட்டும் மாலை. சுவரோரம் ஓடும் நெட்வொர்க் வயரின் கடைசியில் விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதைக்கூட விடவில்லை. கழற்றித் துடைத்து, சந்தனம் வைத்து மாட்டினேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காது.

பள்ளியைக் கூட்டித் துடைக்கும் ஒச்சாயி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்குச் சடங்கு வச்ச மாதிரில இருக்கு டீச்சர்" என்றாள். கை நிறையப் பொரி கொடுத்தேன்.

5.10.1998, திங்கள்

ஒரு சிஸ்டம்கூட எழவில்லை.

எங்கள் சிஸ்டங்களில் ஹார்டு டிஸ்க் கிடையாது. எல்லாம் சர்வரில். உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டு வயர் வழியாகச் சர்வரைக் கூப்பிட்டு, அது பதில் சொன்னால்தான் திரையில் வேலை நடக்கும். கூப்பிடுகிறது, கூப்பிடுகிறது, சர்வரைக் காணோம் என்று நின்றுவிடுகிறது. பத்தும் அப்படியே.

16-ம் தேதி மாவட்ட அலுவலகத்திலிருந்து லேபைப் பார்க்க வருகிறார்கள். ஓடினால் பிப்ரவரியில் ப்ளஸ் டூ பிராக்டிகல் இங்கேயே. ஓடாவிட்டால் கம்ப்யூட்டர் குரூப்பையே எடுத்துவிடப் போவதாகக் கரஸ்பாண்டெண்ட் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு பிள்ளைகள். அப்புறம் நான்.

6.10.1998

அதே. பயமாக இருக்கிறது.

7.10.1998, புதன்

ஜலால் பாய்க்கு போன் போட்டேன். கோரிப்பாளையத்தில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், இந்த லேபுக்கு வயர் இழுத்தவரே அவர்தான். தங்கை நிக்காவுக்கு ஊருக்குப் போயிருக்கிறாராம். அடுத்த புதன்தான் வருவாராம்.

நானே கார்டுகளைக் கழற்றினேன். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். அதே எண்ணை உள்ளே வேறு ஏதாவது பிடித்திருந்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும். 5-ல் இருந்ததை 10 ஆக்கினேன். எழவில்லை. 3 ஆக்கினேன். எழவில்லை. எண்ணை மாற்றுகிற மிளகு அளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று கீழே விழுந்து, அரை மணி நேரம் தரையில் தவழ்ந்தேன். புத்தகம் என்று இருப்பது பாதி அழிந்த ஜெராக்ஸ். ஏழு கார்டில் எண் மாற்றியாகிவிட்டது. எதில் என்ன வைத்தேன் என்று எழுதி வைத்தேனா? இல்லை. பெரிய டீச்சர்!

வீட்டில் அவரிடம் எங்கள் சௌராஷ்ட்ர பாஷையில் ஒரு மூச்சு புலம்பினேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியா ரங்கா?" என்றார். ஜவுளிக்கடைக்காரரிடம் வேறென்ன எதிர்பார்க்க.

9.10.1998, வெள்ளி

கரஸ்பாண்டெண்ட் கூப்பிட்டார். "லீவு முடிஞ்சு முதல்ல யாரு உள்ள போனது?"

"ஒச்சாயிதான் சார். காலையில மாப்பு போட்டாங்க."

உண்மைதானே. நான் வருவதற்கு முன் தரை ஈரமாக இருந்தது. வயரும் தரையோரம்தான் ஓடுகிறது. அவள்தான் இழுத்தாள் என்றா சொன்னேன்? சொல்லவில்லை. ஆனால் அவர் "அதான!" என்று மேசையைத் தட்டியபோது எனக்கு மூச்சு லேசானது. அதுவும் உண்மை.

12.10.1998, திங்கள்

ஒச்சாயியை இன்றிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் என்னைப் பார்த்தாள். நான் மார்க் லிஸ்ட்டைப் பார்த்தேன்.

லேப் கதவில் ஒட்டத் தாள் எழுதச் சொன்னார்கள். 'துப்புரவுப் பணியாளர் உள்ளே வரக்கூடாது.' என் கையெழுத்து அழகாக இருக்குமாம். ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

14.10.1998, புதன்

ஜலால் பாய் வந்தார். கார்டு பக்கமே போகவில்லை. வயரில் மீட்டரை வைத்தார், நேராகக் கடைசி மூடிக்குப் போனார். கழற்றினார். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து கெட்டிப்பட்டு இருந்தது.

"என்ன டீச்சர் இது?"

சந்தனம்.

"ரெண்டு கோடியிலயும் இந்த மூடி சரியா இருந்தாத்தான் வயரு பேசும். ஒண்ணு அடைச்சாலும் அம்புட்டும் படுத்துரும். கார்டெல்லாம் தங்கமா இருக்கு. யாரு வச்சது?"

வேறு மூடி மாட்டினார். மூன்று சிஸ்டம் எழுந்தன. மற்ற ஏழும் எழவில்லை, அவை நான் 'சரி செய்தவை'. சாயங்காலம் வரை உட்கார்ந்து அவற்றைப் பழையபடி ஆக்கினோம். யார் வைத்தது என்று அவர் மறுபடி கேட்கவில்லை.

15.10.1998

கரஸ்பாண்டெண்டிடம் சொன்னேன். என் தப்பு சார், ஒச்சாயியைக் கூப்பிட்டுவிடுங்கள் என்றேன்.

"புது ஆள் போட்டாச்சும்மா. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். இதை வெளியில சொன்னீங்கன்னா லேபை உங்களை நம்பி எப்படி விடறது? போங்க, போய் வேலையப் பாருங்க."

போனேன். வேலையைப் பார்த்தேன். வேறென்ன செய்திருக்கணும் நான்? தெரியல.

16.10.1998

பார்த்தார்கள். திருப்தியாம். லட்டு கொடுத்தார்கள்.

29.11.1998, ஞாயிறு

ஆறு வாரம் ஆகிவிட்டது, எனக்குத் தைரியம் வர. ஒச்சாயி ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டுகிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாடிப்படியில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள். எனக்கு முன்னால் அவளே கேட்டாள்.

"மெசினு எந்திரிச்சிருச்சா டீச்சர்? பிள்ளைக பரிச்சை எழுதலாமா?"

எழுதலாம் என்றேன். அப்புறம் சொன்னேன். சந்தனம், மூடி, நான். எல்லாம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அப்ப நான் இல்லையா?"

"நீங்க இல்லக்கா."

"மாப்பு போடயில எந்த வயருல மாட்டுச்சோ, எந்த வயருல மாட்டுச்சோன்னு ரோசிச்சு ரோசிச்சு… அம்புட்டுப் பிள்ளைக படிப்பக் கெடுத்துட்டமேன்னு கெடந்தேன் டீச்சர்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், ஈரமா இருக்கு என்று இழுத்துக்கொண்டாள். திரும்பி வாங்க என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்துப் பெண் ஜன்னலோர சீட்டைக் கொடுத்தாள்.

10.2.1999, புதன்

பிராக்டிகல் முடிந்தது. பத்து சிஸ்டமும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இருபத்திரண்டு பேருக்கும் புரோகிராம் ஓடியது. வெளிப்பள்ளித் தேர்வாளர் லேபைப் பாராட்டினார், கரஸ்பாண்டெண்ட் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லோரும் போன பிறகு கதவில் இருந்த தாளை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பசை நன்றாகவே பிடித்திருந்தது. நான்கு மாதமாக லேபைக் கூட்டுவது நான்தான், தரை முழுக்கக் காகிதத் துண்டுகள். புதிதாக வந்த அழகம்மாள் வராந்தாவைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உள்ள வாங்க, தாளை எடுத்துட்டேன்" என்றேன்.

வாசல்படியில் மாப்பை நிறுத்திவிட்டு நின்றாள்.

"வேணாம் டீச்சர். ஒச்சாயி எங்க தெருதான்."